பதினேழு

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடியில் இருக்கிற பேக்கரிக்கு
ஒவ்வொருத்தியாக நனைந்து வந்து சேர்ந்தோம்.
ஜூன் மழை. குடையை எங்கே வைக்கவென்று
வந்தவளெல்லாம் கேட்டாள்.

முதலில் முகம் பிடிபடவில்லை.
"ஏட்டி, நீ பதினேழுதானே?"
பதினேழுதான்.
விடுதித் துணிகள் மாறிப்போகாமலிருக்க
பாவாடை ஓரத்தில்
சிவப்பு நூலால் தைத்த எண்.
பேர் மறந்துபோயிருந்தது, எண் மறக்கவில்லை.
நாற்பத்தொன்பது வயதில்
என்னைப் பதினேழு என்று கூப்பிட ஆளிருப்பது
கொள்ளாம்.

விஜிலா குவைத்தில் இருபது வருஷம்
நைட் டியூட்டி பார்த்துத் திரும்பி
காப்புக்காட்டில் வீடு கட்டியிருக்கிறாள்.
"நாலு பாத்ரூம்" என்றாள், பெருமையாக,
பிறகு எங்களைப் பார்த்து நிறுத்தினாள்.
எண்பது பேருக்கு ஆறு என்று
வாளியோடு வரிசையில் நின்றவர்கள் நாங்கள்.
யாரும் சிரிக்கவில்லை.
நாலு என்பது சொத்துதான்.

குளச்சல் ஜெசிந்தாவின் மாப்பிள்ளை
கடலுக்குப் போவதை விட்டுவிட்டு
ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதுகிறார்.
"தரையில நடக்க அறியாதுட்டி அவருக்கு.
அடுக்களைக்கு வந்தாலும்
வள்ளத்துல நிக்கது போல
கால அகட்டியே நிக்காரு."

ரமணிபாயின் மகள்
சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள்.
ரெண்டு வருஷம் வீட்டில் பேச்சில்லை.
இப்போது அந்தப் பையன்தான்
ஆதாரையும் ரேஷன் கார்டையும் இணைத்துத் தருகிறான்.
"பின்ன, மகன் செய்யணும்னா
நான் எத்தற போன் போடணும்?"

ஸ்ரீகலா வரும்போதே சொல்லிவிட்டாள்,
ரப்பர் விலையை யாரும் கேட்கக்கூடாது.

"எல்லாம் சுகம்" என்றாள் நாற்பது, ரோஸ்லெட்.
"எனக்கென்ன புதுசா?"
இடது கை மடியிலேயே கிடந்தது.
ஒற்றைக் கையால் முட்டை பஃப்ஸைப் பிய்த்தாள்,
மேசையெல்லாம் தூள்,
வாய்க்கு ஒன்றும் போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை
அவள் பேரைத் தட்டச்சு செய்தவள் நான்.
இடது மார்பு.
இரண்டு புள்ளி ஒன்று சென்டிமீட்டர்.
கருங்கல்லில் வேறொரு ரோஸ்லெட் இருக்கட்டும்,
அவளுக்கும் நாற்பத்தொன்பது ஆகட்டும் என்று
யாரென்று தெரியாத ஒருத்திக்குக் கேடு நினைத்தபடி
உறையை ஒட்டினேன்.
கவுண்டரில் வாங்கிப்போனது ஒரு பையன்,
அவளுடைய அதே மூக்கு.

"நீ எங்கட்டி வேலை?" என்றாள் விஜிலா.
"ஒரு ஆபீஸில, டைப்பிங்."
"எந்த ஆபீஸு?"
சாயா சுட்டது. நான் ஊதிக்கொண்டிருந்தேன்.

"மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழ
ஸ்கேன் சென்டர்" என்றாள் ரோஸ்லெட்,
எனக்குப் பதிலாக,
தூளை விரலால் ஒரு ஓரமாகக் கூட்டியபடி.
பிறகு, மீதி பஃப்ஸை என் தட்டுக்குத் தள்ளினாள்.
"தின்னு பதினேழு. ஆறிப்போவும்."

பில்லுக்கு ஐந்து பேரும் அடிபிடி போட்டோம்.
போட்டோவில் ஸ்ரீகலா கண்ணை மூடிவிட்டாள்;
மறுபடி எடுத்தபோது ஜெசிந்தா.

நான் போக வேண்டியது குலசேகரம்.
ஏறியது கருங்கல் பஸ்ஸில்.
கண்டக்டர் காசில்லாத டிக்கெட் இரண்டைக் கிழித்துத் தந்தார்.
ஜன்னல் ஷட்டர் முழுசாக இறங்கவில்லை,
அவள் தோளில் சாரல்.

விடுதியில் படிக்கிற நேரம் வாய் திறக்கக்கூடாது.
அர்த்தம் தெரியாத வார்த்தையை
உள்ளங்கையில் எழுதி
எதிர் பெஞ்சிலிருந்து காட்டுவாள்.
மேடம் திரும்புவதற்குள்
நான் உதட்டை அசைத்துச் சொல்ல வேண்டும்.

திங்கள்சந்தை தாண்டியதும்
மடியிலிருந்த கையை விரித்தாள்.
நீல மை, வேர்வையில் கொஞ்சம் பரவியிருந்தது.
ஒரு எழுத்தும் பிழையில்லாமல்
நான் அடித்த அந்த வார்த்தை.

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.