டிராகன், வால் நீங்கலாக

நாணயக்காரத் தெருவில்
நாணயம் கேட்டு நிற்பது என் உத்தியோகம்.
நாகப்பட்டினம் வெயில். ஈயம் உருக்கி ஊற்றிய மதியம்.
பீங்கான் ஜாடிக் கடை பக்கிரிசாமி,
ஐந்து தவணை பாக்கி.
ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள்
எழுந்து கைகூப்பிவிட்டார்:

"தேரோடும் வீதியெல்லாம் பைக் ஓட்டப்
பிறவி பல தவமிருந்த பெருந்தகையே,
எலியும் வாடகைக்கு மறுத்த இந்த இழிந்த கடைக்குள்
தங்கள் தாமரைப் பாதம்,
அதில் இடது செருப்பின் வார் அறுந்திருப்பது
என் பொல்லாத கண்ணுக்குப் படவே இல்லை,
எழுந்தருளியது எவர் செய்த புண்ணியம்?"

"தவணை" என்றேன்.

"அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.
சீன தேசத்திலும் இதே சங்கடம்."

திருத்துறைப்பூண்டி தாண்டினாலே
பஸ்ஸில் வாந்தி எடுக்கும் மனுஷன்.
அவருடைய சீனா முழுக்க
ஒரு ஊறுகாய் ஜாடியின் வயிற்றில் இருக்கிறது:
நீல மையில் ஒரு பாலம், இரண்டு கொக்கு,
குடை பிடித்த ஒருத்தன்.

"அங்கே மஞ்சளாறு என்றோர் ஆறு.
நம் வெட்டாறு மாதிரிதான், கொஞ்சம் அகலம் கூட.
ஆடிப்பெருக்கன்று பேரரசரே படித்துறை இறங்கி
காதோலை கருகமணிக்குப் பதில்
சேமியா விடுவார்.
மதகுக்கு ஒரு அதிகாரி.
மீசை நீளம் பார்த்து முறைத் தண்ணீர்.
வரி வசூலில் பேர் போனவர்கள் அண்ணன் தம்பி இருவர்:
மூத்தவர் வாங் கோ,
இளையவர் போங் கோ.
வினையே அங்குதான்.
சபையில் மூத்தவரைக் கூப்பிட்டால்
வாசலில் நின்ற பால்காரன், பிச்சைக்காரன்,
வழி தவறிய எருமை உட்பட உள்ளே வந்துவிடும்.
இளையவரைக் கூப்பிட்டாலோ
மந்திரிசபை மொத்தமும் எழுந்து போய்விடும்.
நாற்பது வருஷம் ஒரு தீர்மானமும் நிறைவேறவில்லை.
குடிகள் சுபிட்சமாக இருந்தார்கள்."

டீ வந்தது. இரண்டு.
என் கணக்கில்.

"அந்த வாங் கோ, ஒருநாள்,
என்னைப்போல் ஏழை ஜாடி வணிகன் ஒருவனிடம்
வரி கேட்டு நின்றார்.
செருப்பு வார் அவருக்கும் அறுந்துதான் இருந்தது.
'காசில்லை, கருணைக் கடலே,
டிராகன் ஒன்று இருக்கிறது' என்று
வணிகன் ஜாடி மூடியைத் திருகினான்.
முதலில் மீசை வந்தது,
வேதாரண்யத்து உப்புக்காற்றில் ஆடும் தாழை விழுதாக.
பின்னே கொம்பு. பின்னே கழுத்து.
கழுத்து வந்தது, வந்தது,
கீவளூர் ரயில்வே கேட்டில் நிற்கும்
கூட்ஸ் வண்டியாக வந்துகொண்டே இருந்தது.
செதில் ஒவ்வொன்றும்
நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் தட்டு அகலம்.
அதன் ஒவ்வொன்றிலும் ஒரு திரி.
ஒவ்வொரு திரியிலும்..."

மணி ஆறு. கரண்ட் போயிற்று.
டிராகன் இடுப்பு வரைக்கும் வந்திருந்தது.

"வாலைப் பற்றி இருட்டில் பேசலாகாது, கனவானே.
அடுத்த மாதம், இதே தேதி."

வசூல் நோட்டில் எதையாவது எழுத வேண்டுமே.
எழுதினேன்:
வரவு, டிராகன் ஒன்று, வால் நீங்கலாக.

கிளை மேலாளர் சப்தரிஷி
கண்ணாடியைத் துடைத்து இரண்டு தரம் படித்தார்.
என் வேலை போயிற்று என்று
மனதுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.
அவர் பேனாவை மூடினார்.
எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"உட்காருய்யா," என்றார்.
"இடுப்பு வரைக்கும் சொல்லு."