மேல் வலது மூலை

தாம்பெரே, நவம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
நகரக் குடிநீர் அலுவலகத்தில்
ரைலி ஹுஹ்தாலாவின் முதுகுக்குப் பின்னால்
நாற்காலி போட்டு உட்கார்ந்து
எண்ணிக்கொண்டிருந்தேன்
அவள் கை எத்தனை முறை தயங்குகிறது என்று.

என் பிழைப்பு அது.
திரையைப் பார்ப்பதில்லை நான்,
மணிக்கட்டைப் பார்ப்பேன்.

புகார்ப் பதிவேட்டில் 'சரி' வலப்பக்கம்.
வரைபடத்தில் இடப்பக்கம்.
கட்டணக் கணக்கில் 'சரி' என்றே ஒன்று கிடையாது,
'மேற்கொண்டு செல்க' என்றொரு பச்சைக் கட்டம்,
எங்கே செல்ல என்று சொல்லாமல்.
சம்பளப் பட்டியலை மூடும் பெருக்கல் குறி
ஒரு வட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது.
குழாய் அழுத்தம் காட்டும் நிரலுக்கோ
ஆளை அனுப்ப மனமே வராது.
மெனுவுக்குள் மெனு, அதற்குள்ளும் மெனு,
கெஞ்சித்தான் வெளியேற வேண்டும்.

ஒரே கண்ணாடிக்குள் ஐந்து வீடுகள்,
ஒவ்வொன்றிலும் சுவிட்ச்
வேறொரு சுவரில்.

ரைலி குறை சொல்லவில்லை.
இந்த ஊரில் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.
திரையின் விளிம்பில் மட்டும் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள்,
பென்சிலில்: 'வரைபடமா? இடது.'
"போன மார்ச்சில்," என்றாள்,
"ஹெர்வந்தாவில் ஒரு தெருவுக்குத்
தண்ணீரை நிறுத்தும் உத்தரவை
ரத்து செய்யப் போய்
சரி என்று அழுத்திவிட்டேன்."
காபியை ஒரு மிடறு குடித்தாள்.
"தலையில் ஷாம்பு நுரையோடு
ஒரு பெண் போன் செய்தாள்."

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சண்டை.
பதினான்கு வருடம் அழுத்த நிரலைக் கட்டிய யோவுகோ
என் அளவுகோலைப் பார்த்துச் சொன்னான்:
"எட்டு பிக்சலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்
யாரும் செத்துப்போனதில்லை."
உண்மைதான்.
யாரும் அங்கே வாழ்ந்ததும் இல்லை,
ரைலியின் விரலைத் தவிர.

ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடும் நேரத்தில்
ஐந்தும் ஒன்றாகிவிட்டன.
ஒரே சாம்பல் நிறம், ஒரே எழுத்துரு,
மூட வேண்டுமா, மேல் வலது மூலை.
சேமிக்க வேண்டுமா, கீழே, எப்போதும் கீழே.
எனக்குப் பெருமை தாங்கவில்லை.
"இனிமேல் கண்ணை மூடிக்கொண்டே
வேலை செய்யலாம், ரைலி."

செய்தாள்.
அதுதான் வந்த வினை.

'பிஸ்பாலா, மலைச்சரிவுப் படிக்கட்டு,
கீழிருந்து மூன்றாம் படியருகே
காலையிலிருந்து தண்ணீர் பொங்குகிறது.'
புகார்ப் பதிவேடு என்று நினைத்து
அவள் தட்டியது
சம்பளப் பட்டியலின் குறிப்புக் கட்டத்தில்.
கை தயங்கவே இல்லை.
கீழே இருந்தது 'சேமி', எப்போதும்போல்.

குழாய் பழுதுபார்க்கும் வெய்க்கோ
அன்று மாலை தன் சம்பளச் சீட்டைத் திறந்தான்.
பிடித்தம் இவ்வளவு, வரி இவ்வளவு,
பிறகு, மூன்றாம் படி, தண்ணீர்.
யாரையும் கேட்கவில்லை.
பையை எடுத்தான், போனான், அடைத்தான்.
மறுநாள் வந்து ஒன்றே ஒன்று கேட்டான்:
"மிகைநேரத்தை எதில் எழுதுவது?"

யோவுகோ சிரித்த சிரிப்பு
இன்னும் அந்த மாடியில் இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு ஜன்னலின் நெற்றியிலும்
விரல்கனத்தில் ஒரு நிறக்கோடு.
பொத்தான்களை நான் நகர்த்தவில்லை.
பிள்ளைகளுக்கு ஒரே சீருடை போடலாம்,
ஒரே முகம் போட்டுவிட்டேன்
என்பது விளங்க எனக்கு ஒரு சம்பளச் சீட்டு தேவைப்பட்டது.

ஒட்டுத்தாள் போய்விட்டது. பசைத்தடம் மட்டும் மிச்சம்.
வரைபடம் திறக்கும்போதெல்லாம் ரைலியின் கண்
ஒரு நொடி அங்கே போய்த் திரும்புகிறது.
அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது
என்று எனக்குத் தெரியவில்லை.

வீடு திரும்ப டிராம்.
நேற்றுவரை கதவின் வலப்பக்கம் இருந்த பொத்தான்
இந்தப் புதுப் பெட்டியில் இடப்பக்கம்.
கையுறைக்குள் என் விரல்
காற்றில் நின்றது.

ஒன்று, என்று எண்ணினேன்.