இரண்டு வருட ஒப்பந்தம்

அபிஷேகப்பட்டியில் கரண்ட் போனால்
என் நொதிகளுக்குப் பேட்டை மீன்கடைதான் கதி.
மைதீன் பிச்சை ஐஸ் உடைத்து
தெர்மாகோல் பெட்டியில் கொட்டுவார்:
"எந்த மீனுக்கும்மா இது?"
கண்ணுக்குத் தெரியாததுக்கு, அண்ணாச்சி.

நேற்று ராத்திரி பத்தேகாலுக்கு
உப்சாலாவிலிருந்து நேர்காணல்.
மாதிரிகளைக் குளிரில் எப்படி வைக்கிறீர்கள்?
சொன்னேன்.
இரண்டு பேர் சிரித்தார்கள்,
ஒருத்தி எழுதிக்கொண்டாள்.

முனைவர் பட்டத்துக்கு அப்புறம்
பதினேழாவது விண்ணப்பம்.
வயது வரம்புக்கு இன்னும் எட்டு மாதம்.
கொக்கிரகுளத்துச் சேற்றில் எடுத்த பாக்டீரியா
மைனஸ் எண்பதில் உறங்குகிறது.
ஜெனரேட்டர் அது ஒன்றுக்கு மட்டும்.
அதற்கு வயதேறாது.

காலையில் பதில் இல்லை.
பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்,
மூடியில் ஒரு செதிள்.

"வச்சுக்கோ.
நாளைக்கும் கரண்ட் போகும்லா."