பதினேழாவது புள்ளி

லாபிஸ் பெரிய சாலையில் கைப்பேசிக் கடைக்கு மேலே
ஏசி ஒழுகும் ஓர் அறை.
காலை எட்டரைக்கு உட்கார்ந்து
மாட்டின் இடக்கண்ணில் முதல் புள்ளி வைப்பேன்.

வலக்கண் இரண்டு. மூக்கு மூன்று.
கழுத்து, வாலடி.
பிறகு காலுக்கு மூன்றாக
மேலிருந்து குளம்பு வரை இறங்க வேண்டும்.
பின்னங்கால் வலப்பக்கக் குளம்பு பதினேழு.
அதோடு ஒரு படம் முடியும்.
படத்துக்குப் பதினாறு காசு.

மாடுகள் தைரியநாதனுடையவை,
ஏழாம் பிரிவில் செம்பனைக்கு அடியில் மேய்பவை.
உரக் கிடங்குச் சுவரில் கேமரா.
எந்த மாடு நாளைக்கு நொண்டும் என்று
இன்றைக்கே சொல்லப் போகிறதாம் கணினி.
தைரியநாதன் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை.
"சொல்லட்டும். ஊசியும் அதுவே போடுமா?"

குளிர்நாட்டு மாடுகளைப் பார்த்துப் படித்த கணினி அது.
முதல் வாரம் திமிலைக் கண்டு
பின்னால் இன்னொரு மாடு நிற்கிறது என்றது.
திமிலுக்கு எத்தனையாவது புள்ளி என்று கேட்டேன்.
"பட்டியலில் இல்லை, தாக் அப்பா" என்றாள்
பல்கலைக்கழகத்து ஹஸ்லினா.
வியர்வை மின்ன
திரையைவிட்டுப் புடைத்து நிற்கும் அந்த மேட்டை
எண் போடாமல் தாண்டிப் போவேன்,
ஒரு நாளைக்கு முந்நூறு தடவை.

அவள் சொன்ன விதிகளில் ஒன்றுதான் நினைவிருக்கிறது:
மரம் மறைத்த காலுக்கு
ஊகித்து ஒரு வெறும் வட்டம் போடு.
மறைந்திருப்பதைப் போடலாம்.
இல்லாததைப் போடாதே.

ஜூலையில் படங்களுக்குள் ஒரு நாய் வந்தது.
செம்பட்டை. தைரியநாதன் வைத்த பெயர் மேனேஜர்.
(தோட்டத்தைக் காலால் நடந்து சுற்றுகிற மேனேஜர்
இப்போது இவன் ஒருவன்தான்;
மற்றவர் ஹைலக்ஸ் கண்ணாடியை இறக்குவதே இல்லை.)
போன மழைக்குப் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி
பின்னங்கால் ஒன்றை
தொடையோடு வாங்கிக்கொண்டது.

கணினிக்கு அது தெரியாது.
மேனேஜருக்கும் பதினேழு வைத்தது.
காற்றில் ஒரு முழங்கால்,
புல்லுக்குமேல் ஒரு பாதம்,
இரண்டையும் சேர்த்து ஆரஞ்சுக் கோடு.
தொண்ணூற்று மூன்று விழுக்காடு உறுதி.
சும்மா ஒட்டவைத்த கால் இல்லை அது:
அவன் குதித்தால் மடங்கும்,
நின்றால் ஊன்றும்,
காட்டாமணக்குச் செடியைத் தாண்டும்போது
சரியான நேரத்தில் தூக்கிக்கொள்ளும்.

அழித்தேன்.
'நிச்சயமாக நீக்கவா?' என்றது.
ஆம்.
அடுத்த படத்தில் மறுபடி முளைத்தது.
ஆம். ஆம்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஆம்.
அன்று இரவு சோறு பிசையும்போதும்
விரல் 'ஆம்' அழுத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போனேன்.
கிடங்கு நிழலில் மேனேஜர் படுத்திருந்தான்.
வலக்காதுக்குப் பின்னால் உண்ணி போலிருக்கிறது.
தலையைச் சாய்த்தான்,
கண்ணைப் பாதி மூடினான்,
தொடை மிச்சம் மட்டும்
படபடவென்று அடித்துக்கொண்டது.
விலா குலுங்கியது.
எட்ட வேண்டிய இடத்துக்குக்
காது தன்னைத் தாழ்த்திக் கொடுத்துக்கொண்டேயிருந்தது.
சொறிந்து முடித்தவன் போல
பெருமூச்சு விட்டுப் படுத்தான்.
பால் போத்தல் கையில் சுட்டது.
தைரியநாதன் மீதி இரண்டு வெள்ளியை நீட்டியபடி
"என்னம்மா, நாயைப் பார்த்ததில்லையா?" என்றான்.

திங்கட்கிழமை முதல் படமே அவன்தான்.
ஆரஞ்சுக் கோடு, புல்லில் பாதம்.
'நிச்சயமாக நீக்கவா?'
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது, எண்ணவில்லை.
பதினேழை அழித்துவிட்டு
அதே இடத்தில் ஒரு வெறும் வட்டம் வைத்து
அடுத்த படத்துக்குப் போனேன்.

மாலை ஹஸ்லினா அதைத் திருப்பி அனுப்பினாள்.
இது மறைவு அல்ல, இல்லை.
பதினாறு காசு வெட்டு.