வடகிழக்கு மூலை

மூன்றாம் பாகம். அறுநூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
விலையில் பாதி நான், பாதி தில்ஷாத்.
அவள் பங்கு முழுக்கச் சில்லறையாக வந்தது,
அத்தாவின் பேக்கரி கல்லாவிலிருந்து
வர்க்கி வாசத்தோடு.

இந்தத் தடவை முதலில் படிக்கும் முறை எனக்கு.
குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பிரித்தேன்.
வண்டிச்சோலை வருவதற்குள்
இளவரசன் மூன்று முறை தாடையை இறுக்கிவிட்டான்.

அவன்மேல் மரப்பிசினும் புகையும் மணக்கிறதாம்.
எழுதின அக்கா,
எங்கள் லைனில் தைலம் காய்ச்சுகிற நடேசன் அண்ணனுக்கும்
ஏறக்குறைய அதே வாசம்தான்.
பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்
கடைசிவரை காலியாகவே வரும்.

பக்கத்துக்குப் பக்கம் மூடுபனி வேறு.
அங்கே அது காதலர்கள் முத்தமிட்டு முடிக்கும்வரை
பொறுமையாய் நின்று மறைத்துக்கொடுக்கிறது.
இங்கே யூனிஃபார்மை நாலு நாள் ஈரமாய் வைத்திருக்கும்.
தேயிலைக்குள் நிற்கிற காட்டெருமையைப் பற்றி
பத்தடி நெருங்கும்வரை
வாயைத் திறக்காது.

முதல் பாகத்தில் அவளிடம் வாள் இருந்தது.
அவள் பெயருக்கு நடுவே, மேலே, ஒரு கமா தொங்கும்.
அதை எப்படி உச்சரிப்பதென்று
இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.
ஆனாலும் அவளுக்காக
பரீட்சைக்கு முந்தின ராத்திரி
போர்வைக்குள் டார்ச் அடித்து விழித்திருந்தேன்.
எல்லைக் காவலன் கழுத்துவரை கொண்டுபோன வாளை
அவள் திருப்பி எடுப்பாளே,
அந்த வரியை தில்ஷாத் பட்டர் பேப்பரில் எழுதி
கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்தாள்.

இதில் வாளைத் தேடினேன்.
இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில்
சுவரில் மாட்டியிருக்கிறது.
கவுன் ஐந்து தடவை மாறுகிறது,
ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பாரா.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன்.

அட்டையைத் திறந்ததும் ஒரு வரைபடம் உண்டு,
மூன்று பாகத்திலும் அதே படம்.
வடகிழக்கு மூலையில், பொடி எழுத்தில், உப்பு நாடு.
மலை இல்லை கோட்டை இல்லை, வெறும் புள்ளிகள்.
அவை மணலா மனிதர்களா என்று
இரண்டு வருஷம் சண்டை போட்டிருக்கிறோம்.
கடைசிப் பாகத்தில் அங்கே போவாள்,
அது மட்டும் எங்களுக்கு நிச்சயம்.
பென்சிலால் வழிகூடப் போட்டுவைத்தேன்:
ஆற்றைச் சுற்றி, கணவாய் ஏறி,
எந்த ராத்திரி எங்கே தங்குவாள்,
கோவேறு கழுதைக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கும்
என்பதுவரை.

போகவில்லை.
ஒரு தூதன் வருகிறான்.
'உப்பு நாடு விழுந்தது' என்கிறான்.
அவ்வளவுதான்.
அடுத்த வரியில் இளவரசன் சட்டையைக் கழற்றுகிறான்.

பஸ் எங்கேயோ நின்றிருந்தது. முன்னால் மரம் சாய்ந்திருக்கிறதாம்.
எல்லோரும் இறங்கிச் செருப்பில் சேறு அப்பிக்கொண்டு நிற்க
நான் மட்டும் சீட்டில்,
மடியில் அந்த ஒரு வரியோடு.
சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற மலை வரைபடத்தில்
எங்கள் எஸ்டேட் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு டீ கப் வரைந்திருப்பார்கள்,
ஆவி பறக்க.
ஏனோ அது ஞாபகம் வந்தது.

'போறாளா?' என்றாள் தில்ஷாத்,
வர்க்கிப் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே.
படி, என்றேன்.
முகத்தைப் பார்க்காமல் சொன்னதிலேயே
பாதி புரிந்திருக்கும்.

எட்டாம் நாள் புத்தகம் திரும்பி வந்தது.
அவள் ஒன்றும் பேசவில்லை.
நானூற்று மூன்றாம் பக்கத்தில் வெண்ணெய்க் கறை.
தூதன் சொன்ன வரியின்மேல்
பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு,
தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.
ஓரத்தில் அவள் கையெழுத்து:

பொய்.
இவன் காசு வாங்கியிருக்கிறான்.