பதினோராம் வகுப்பு ஆ பிரிவின் குறிச்சொற்கள்

இணையத்தில் கண்டதை வகுப்பே சேர்ந்து
ஒரே இடத்தில் சேமித்து வைக்க
ஏழு கருவிகள் உண்டு என்றார்கள்.
ஒரு சனிக்கிழமை அதற்கே போனது.
ஒன்று கடன் அட்டை எண் கேட்டது.
ஒன்று பிறந்த வருடம் கேட்டது,
உருட்டி உருட்டி எழுபத்தெட்டை அடைவதற்குள்
விரல் ஓய்ந்துவிட்டது.
ஒன்றுக்குத் தமிழ் தெரியவில்லை,
‘நுரையீரல்’ என்று அடித்தால்
ஐந்து கட்டங்கள் போட்டுக் காட்டியது.
நாலாவது திறந்தது. இலவசம். போதும்.

முக்கூடலில் எங்கள் பள்ளிக் கணினி அறையில்
பதினொன்றில் ஆறு ஓடும்.
யூ.பி.எஸ். எந்நேரமும் கீச்சிடும்,
அது இப்போது யார் காதிலும் விழுவதில்லை.
பலகையில் எழுதினேன்:
பார்த்ததைச் சேமி. குறிச்சொல் போடு.
பதினாலு குறிச்சொல் நானே கொடுத்திருந்தேன்.
சுவாசம், சுழற்சி, கழிவுநீக்கம் என்று
விலங்கியல் புத்தகத்தின் பொருளடக்கத்தை
அப்படியே பிடுங்கி நட்டிருந்தேன்.
ஒன்றுகூட வேர் பிடிக்கவில்லை.

முப்பிடாதி இருபத்துமூன்று சேமித்தான்,
எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: ‘பொறவு’.
பரக்கத் நிஷா: ‘புரியல’.
அந்தோணி கிரேனாப்,
பஸ் சீட்டின் முதுகில் கிறுக்குவதுபோல
‘கிரேனாப் வந்தான்’.
யாரோ ஒருத்தி தவளையின் இதயத்துக்கு
‘பாவம்’ என்று போட்டிருந்தாள்.
திருத்தத்தான் சிவப்புப் பேனாவைத் தேடினேன்,
திரையில் அதற்கு வேலை இல்லை.
‘பாவம்’ மட்டும் எந்தப் பாடத்தில் வரும் என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.

புதன் இரவு பதினொன்று நாற்பதுக்கு
சொர்ணக்கிளி ஒன்று சேமித்திருக்கிறாள்.
புகையிலைத் தூளும் பெண்களின் நுரையீரலும்:
ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்காரர்
தமிழில் எழுதிய மூன்று பக்கம்.
அவள் போட்ட குறிச்சொல்
‘வீட்ல காட்டக்கூடாது’.

அந்த நேரம் எனக்குத் தெரியும்.
இலை வெட்டி, ஆயிரம் சுற்றி, தலை மடக்கி,
கட்டு எண்ணி முடித்து,
சொளவை ஓரமாய் நகர்த்திவிட்டு
அண்ணன் போன் கைக்கு வரும் நேரம்.

வேறொன்றும் நடக்கவில்லை.
வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை.
கருவியில் ஒரு வசதி உண்டு,
ஒவ்வொன்றின் கீழும் சின்னதாய் ஒரு எண்:
இதையே சேமித்தவர்கள் இத்தனை பேர்.
வியாழன் காலை மூன்று.
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு.
வெள்ளி, பதினொன்று.
பெயர்களைத் தட்டிப் பார்த்தேன்.
முப்பிடாதிகூட இந்த முறை ‘பொறவு’ போடவில்லை.
பதினொரு பேரும் ஒரே சொல்.
தமிழ்ப் பரீட்சையில் ஒற்று விடுகிற பிள்ளைகள்,
இதில் ஒரு ஒற்றும் விடவில்லை.

ஐந்தாம் பீரியட் சுவாசப் பாடம்.
காற்றுப்பைகளை வரைந்தேன்.
திராட்சைக் குலை மாதிரி என்று
பத்தொன்பது வருஷமாய்ச் சொல்வதைச் சொன்னேன்.
சொர்ணக்கிளி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.
கேள்வி உண்டா?
வெளியே கடையம் பஸ் ஹாரன் அடித்தது.
கேள்வி என்னிடம்தான் இருந்தது.
அதைக் கேட்காமல்
சாக்பீஸை டப்பாவில் போட்டேன்.

தலைமையாசிரியருக்கு அறிக்கை தர வேண்டும்,
கருவியின் பயன், ஒரு பத்தி.
‘மாணவர்கள் ஆர்வமுடன் பங்கேற்றனர்’ என்றெழுதி
அடித்தேன்.
‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்று எழுதினேன்,
அது உண்மை.

ராத்திரி
அம்மாவுக்கு இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்து,
அவள் ஒருக்களித்துப் படுத்த பிறகு
அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன்.
சேமிக்கவா என்றது.
குறிச்சொல் கட்டத்தில்
‘வீ’ என்று மட்டும்தான் அடித்தேன்,
மீதியை
அதுவே நிரப்பிக் கொடுத்தது.