நான்கு துளைகள்

கதவில் பெயர்ப்பலகை இல்லை,
திருகாணி கழன்ற நான்கு துளைகள்.
"வருவதாக இருந்தால் இதுதான் உங்கள் அறை"
என்றார் துறைத்தலைவர் ஹெஸ்கெத்.
யாருடையதாக இருந்தது என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை;
லட்லோ வரும் ரயிலில்
அந்தப் பெயரைத்தான் செய்தித்தாளில்
படித்துக்கொண்டு வந்தேன்.

இழுப்பறையில் பாதி தீர்ந்த இஞ்சித் தேநீர்ப் பொட்டலம்.
ஒரு மாணவக் கட்டுரையின் ஓரத்தில்
பச்சை மையில்: "சான்று எங்கே?"

சன்னலுக்குக் கீழே மழையில் ஏழு பேர்.
அட்டையில் எழுத்து கரைந்து
யார் பக்கம் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஏப்ரலில் விசா முடிகிறது.
"வலிய வரும் சீதேவியை உதைக்காதே" என்கிறாள்
தொலைபேசியில் தர்சிகா.

கிரேவன் ஆர்ம்ஸ் தாண்டிவிட்டது.
"மகிழ்ச்சியுடன்" என்று தொடங்கிய மடல்
அதற்கு மேல் நகரவில்லை.
ஓரத்தில்
பச்சை மைக்கு இடம் விட்டிருக்கிறேன்.